அஞ்சு மாதம் கிடக்கு என்று அலட்சியமாக இருக்காதீர்கள்

போன கிழமையும் ஒன்று. சிங்கப்பூரில் பேத்தியின் கலியாணம் என்று வெள்ளவத்தையிலிருந்து குடும்பமாகப் புறப்பட்டவர்களில் அம்மம்மா மட்டும் கட்டுநாயக்க விமான நிலையக் கவுண்டரோடு திரும்பி வந்துவிட்டார். கவுண்டரில் இருந்த பிள்ளை கடவுச்சீட்டை அவர் பக்கம் திருப்பி, திகதிக்குக் கீழே விரலை வைத்துக் காட்டியிருக்கிறது. "ஓம், இன்னும் நாலு மாதத்துக்கு மேல கிடக்குத்தானே?" என்று இவர் கேட்டிருக்கிறார். கிடக்குத்தான். ஆனால் சிங்கப்பூர் ஆறு மாதம் கேட்கிறது. பயற்றம் பணியாரமும் சீப்புப் பணியாரமும் கட்டி, மேலே கலியாணச் சேலையை மடித்து வைத்திருந்த பெட்டி அப்படியே வீட்டுக்கு வந்தது.

டிக்கெட்டை மகன் இணையத்தில் தானே போட்டவர். நள்ளிரவு தாண்டி எனக்கு அழைப்பு. "அக்கா, ஏதாவது செய்யலாமா?" அந்த நேரத்தில் செய்ய ஒன்றுமில்லை, தம்பி. டிக்கெட் போடும் எங்களைப் போன்றவர்களை ஆட்கள் தேடுவதே பெரும்பாலும் காரியம் கெட்ட பிறகுதான்.

கடவுச்சீட்டில் இருக்கும் கடைசித் திகதியை நாங்கள் பால்மா பைக்கற்றில் அடித்திருக்கும் திகதி மாதிரி வாசிக்கிறோம். அன்றுவரை பாவிக்கலாம் என்று நினைக்கிறோம். அந்தத் திகதி எங்கள் அரசாங்கம் போட்டது. உள்ளே விடுவதா இல்லையா என்று தீர்மானிப்பது போகிற நாடு. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, டுபாய், இந்தியா எல்லாமே நீங்கள் போய் இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. இந்தியா வெறும் பக்கம் இரண்டும் கேட்கிறது. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளின் கணக்கு வேறு: அங்கிருந்து வெளிக்கிடும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் இருக்க வேண்டும், கடவுச்சீட்டுப் புத்தகம் எடுத்துப் பத்து வருடம் தாண்டியிருக்கவும் கூடாது. பிரித்தானியாவுக்கு, தங்கும் காலம் முழுவதும் செல்லுபடியானால் போதும். அதனால்தான் "நான் மூன்று மாதத்தோடு லண்டன் போய் வந்தனான், ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை" என்று மாமா சொல்வது உண்மையாகவும் இருக்கும், சிங்கப்பூருக்குப் போகிற உங்களுக்கு ஒன்றுக்கும் உதவாமலும் இருக்கும்.

இன்னொன்றையும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆறு மாதத்தை டிக்கெட் வாங்கும் நாளிலிருந்து எண்ணாதீர்கள். மலிவாக இருக்கிறதென்று மார்ச்சில் ஜூன் மாதத்துக்கு டிக்கெட் போடுகிறீர்கள். அன்றைக்குக் கடவுச்சீட்டில் எட்டு மாதம் இருக்கிறது, மனதுக்கு நிம்மதி. ஜூனில் விமானம் ஏறும்போது ஐந்து மாதம்தான் இருக்கும். டிக்கெட் விற்கும் தளம் இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் என்று நம்ப வேண்டாம். பல வேளைகளில் கடவுச்சீட்டு இலக்கமே இல்லாமல் டிக்கெட் வெளியாகிவிடும். விசா வேண்டிய நாடென்றால் விண்ணப்பிக்கும் இடத்திலாவது யாரோ ஒருவரின் கண்ணில் படும். சிங்கப்பூர் மாதிரி இலங்கையருக்கு முன்கூட்டி விசா தேவைப்படாத நாட்டுக்குப் போகும்போது, உங்கள் புத்தகத்தை முதன்முதலில் திறந்து பார்ப்பவரே செக்-இன் கவுண்டரில் இருப்பவராக இருக்கலாம்.

அவரோடு சண்டை பிடித்தும் பிரயோசனமில்லை. விமான நிறுவனங்கள் டிமாட்டிக் என்ற தரவுத்தளத்தில் ஒவ்வொரு நாட்டின் விதியையும் பார்க்கின்றன. விதிக்குப் பொருந்தாத ஆளை ஏற்றிச் சென்றால் பல நாடுகளில் நிறுவனத்துக்கே அபராதம் விழும், ஆளைத் திருப்பிக் கொண்டுவருவதும் அவர்கள் தலையில்தான். "எயார்போர்ட்டில தெரிஞ்ச ஆள் இருக்கிறார்" என்று தொலைபேசியை எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வரும். சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலும் தெரிந்த ஆள் இருக்கிறாரா?

சரி, புதுப்பிப்பது எப்படி? பழைய காலத்தில் திகதியை நீட்டி முத்திரை குத்தித் தந்த ஞாபகத்தில் பெரியவர்கள் இப்போதும் "நீட்டித் தருவினமோ?" என்று கேட்கிறார்கள். தரமாட்டார்கள். புதிய இலக்கத்தோடு புதிய புத்தகம்தான். கே 35 ஏ விண்ணப்பப் படிவம், பழைய கடவுச்சீட்டு, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் மூலமும் பிரதியும், அங்கீகரிக்கப்பட்ட ஸ்டூடியோவில் எடுத்த படத்துக்கான பற்றுச்சீட்டு. வீட்டில் எடுத்து அச்சடித்த படம் எடுபடாது, ஸ்டூடியோ அதைக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு நேரே அனுப்பும். கொழும்பில் இருப்பவர்கள் போக வேண்டியது பத்தரமுல்லை சுகுருபாயவில் இருக்கும் அந்தத் திணைக்களத்துக்கு. கட்டணமும் முன்கூட்டியே நாள் பதியும் முறையும் அடிக்கடி மாறுவதால், பக்கத்து வீட்டார் போன வருடம் செய்ததைக் கேட்டுப் போகாமல் திணைக்களத்தின் 1962 இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். வாசலில் "அண்ணே, கியூ இல்லாமல் எடுத்துத் தாறன்" என்று வருபவனிடம் மூலப் பத்திரங்களைக் கொடுத்துவிட்டு வந்து என்னிடம் அழ வேண்டாம்.

"ஒருநாள் சேவை இருக்குத்தானே, கடைசிக் கிழமை பார்ப்பம்" என்பவர்களுக்கு 2024ஐ ஞாபகப்படுத்துகிறேன். வெற்றுப் புத்தகம் இல்லாமல், பத்தரமுல்லையில் ஆட்கள் இரவிரவாகத் தெருவில் படுத்துக் கிடந்தார்கள். அதற்கு முன் பொருளாதார நெருக்கடி வந்த 2022இல் நாட்டில் 9 இலட்சத்துக்கு மேல் கடவுச்சீட்டு கொடுக்கப்பட்டது. அந்த அவசரத்தில் பிள்ளைகளுக்கும் சேர்த்து எடுத்தவர்கள் தயவுசெய்து இன்றைக்கே அலுமாரியைத் திறந்து பாருங்கள். உங்களுடையது பத்து வருடம். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையுடையது வழக்கமாக மூன்றே வருடம். தாயும் தகப்பனும் 2032வரை நிம்மதியாக இருக்க, பிள்ளையின் புத்தகம் 2025இலேயே முடிந்திருக்கும்.

பழைய புத்தகத்தை ரத்துச் செய்து தந்தால் எறிந்துவிடாதீர்கள். அதில் அமெரிக்க விசா இருந்தால், திகதி இருக்கும்வரை அது உயிரோடுதான் இருக்கிறது. இரண்டு புத்தகத்தையும் சேர்த்துக் கொண்டுபோக வேண்டும். அவுஸ்திரேலிய விசா புத்தகத்தில் ஒட்டப்படுவதில்லை, இலக்கத்தோடு கட்டியிருக்கிறது. புதிய இலக்கத்தை அவர்களுக்கு அறிவிக்காமல் கவுண்டருக்குப் போனால் திரையில் விசாவே தெரியாது. பிரித்தானியாவின் ஈ-விசா வைத்திருப்பவர்களும் தங்கள் கணக்கில் புதிய கடவுச்சீட்டைச் சேர்க்க வேண்டும்.

கலியாணத்துக்குப் பிறகு புதுப்பிக்கும் பெண்பிள்ளைகளே, தகப்பன் பெயரை எடுத்துவிட்டுக் கணவர் பெயரைப் போடுவது உங்கள் விருப்பம். ஆனால் டிக்கெட் பழைய பெயரில் கிடந்தால் முதலில் அதைப் பாருங்கள். விசா பழைய பெயரில் என்றால் விவாகச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பு கைப்பையில் இருக்கட்டும், பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிடாதீர்கள்.

கனடாவில் மகனிடம் ஆறு மாதம் நிற்கப் போகும் அம்மா, அப்பாவுக்கு அங்கேயே திகதி முடிந்துவிடுகிறது. தூதரகத்தில் விண்ணப்பித்தாலும் புத்தகம் கொழும்பிலிருந்துதான் அங்கு போக வேண்டும், மாதக்கணக்காகும். புறப்படும் முன்னரே எடுத்துக் கொடுத்துவிடுங்கள், அவர்களாகக் கேட்கமாட்டார்கள்.

டிக்கெட் விலை கேட்டு வட்ஸ்அப்பில் எழுதும்போது "ஹாய்" போட்டுவிட்டுக் காத்திருக்காமல், எல்லோருடைய கடவுச்சீட்டு விபரப் பக்கத்தையும் படம் எடுத்து உங்கள் முகவருக்கு அனுப்புங்கள். குடும்பக் குழுவில் போட வேண்டாம். ஃபிளாஷ் அடித்துத் திகதி வெள்ளையாகப் போகாமல், கீழே இயந்திரம் வாசிக்க அடித்திருக்கும் அந்த இரண்டு வரியும் வெட்டுப்படாமல் இருந்தால் போதும். விலையைப் பிறகு பேசலாம்.