காற்றாடிக்குள் ஓர் ஆட்டுக்கல்

கோலாலம்பூர், செந்தூல் அடுக்குமாடி வீட்டில் சில வாரங்களாக அம்மாவுக்குக் காலையில் ஒரு கூடுதல் வேலை. சுவிட்சைப் போட்டுவிட்டு, துடைப்பக் கட்டையால் கூரைக் காற்றாடியின் இறக்கையைத் தள்ளிவிடுவார். அதுவரை 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டு நிற்கும் காற்றாடி, பிறகுதான் வேண்டாவெறுப்பாகச் சுற்றத் தொடங்கும்.

"மோட்டார் போய்விட்டது" என்றார் அப்பா. மோட்டார் போயிருந்தால் துடைப்பத்துக்கு அது மசிந்திருக்காது. போனது, உள்ளே இருக்கும் தீப்பெட்டி அளவுக் கறுப்புப் பெட்டி: மின்தேக்கி. புடு, ஜாலான் பசார் கடைகளில் கெப்பாசிட்டர் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

ஆட்டுக்கல்லில் மாவரைத்தவர்களுக்கு இதன் வேலை எளிதில் விளங்கும். குழவியை முன்னும் பின்னும் மட்டும் தள்ளினால் அது ஆடுமே தவிர சுற்றாது. முன்தள்ளல் முடியும் இடத்தில் கை பக்கவாட்டில் திரும்ப வேண்டும். வீட்டு மின்சாரமும் முன்பின் தள்ளல்தான். விநாடிக்கு 50 முறை. அது மட்டும் இருந்தால் காற்றாடி நின்ற இடத்திலேயே முனகும். பக்கவாட்டுத் தள்ளலுக்காக மோட்டாரில் இன்னொரு கம்பிச்சுருள் உண்டு. ஆனால் அதுவும் முதல் சுருளோடு சேர்ந்தே தள்ளினால் பயனில்லை. கால் சுற்று முந்த வேண்டும். அதாவது, விநாடியில் 200இல் ஒரு பங்கு.

அந்த முந்தலைத் தருவது மின்தேக்கி. அதற்குள் இரண்டு உலோகப் பரப்புகள், நடுவில் மின்சாரம் கடக்காத பிளாஸ்டிக் படலம். ஒரு பரப்பில் எலெக்ட்ரான்கள் குவிந்தால் எதிர்ப்பரப்பில் உள்ளவை விலகி ஓடும். நடுவே எதுவும் தாண்டுவதில்லை. காலியாக இருக்கும்போது மின்னோட்டம் பாய்ந்து வரும். நிரம்ப நிரம்பத் தளரும். மின்னழுத்தம் உச்சம் தொடும்போது, அதாவது முழுக்க நிரம்பிய அந்தக் கணத்தில், ஓட்டம் சுழியம். ஆகவே ஓட்டம் எப்போதும் அழுத்தத்துக்கு முன்னே போகிறது. தேக்கி என்று பெயர் வைத்தவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் காற்றாடியில் அது தேக்குவதற்காக இல்லை, தாளம் தப்பாமல் தள்ளுவதற்காக இருக்கிறது.

பழையதைக் கழற்றிப் பார்த்தேன். 2.5 மைக்ரோஃபாரட் (கொள்ளளவு), 450 வோல்ட் (தாங்கும் அழுத்தம்) என்று அச்சிட்டிருந்தது. வீட்டுக்கு வருவது 230 வோல்ட்தானே என்று கேட்கலாம். அது ஒருவகைச் சராசரிக் கணக்கு; ஒவ்வொரு அலையின் உச்சியும் ஏறக்குறைய 325ஐத் தொடும்.

இது கெடும் விதம் விந்தையானது. படலத்தில் எங்காவது ஓட்டை விழுந்தால், அவ்விடத்து உலோகப் பூச்சு ஆவியாகிப் பழுது தானாக விலகிக்கொள்ளும். காயம் ஆறும், ஆனால் பரப்பு சற்றே குறையும். வெப்பமும் ஆண்டுகளும் சேரச் சேரக் கொள்ளளவு தேய்ந்து, பக்கவாட்டுத் தள்ளல் வலுவிழக்கும். நம் ஊர் வெக்கையில் காற்றாடிக்கு ஓய்வு ஏது?

முதன்மை மின்விசையை அணைத்துவிட்டுப் புதியதை மாட்டினேன். துடைப்பமே வேண்டியிருக்கவில்லை; போட்டதும் சுற்றியது. ஆனால் ஒரு பொட்டுக் காற்றும் கீழே வரவில்லை. அம்மாதான் முதலில் கவனித்தார்: கூரையில் இருந்த ஒட்டடை ஆடிக்கொண்டிருந்தது. மின்சாரம் வரும் கம்பியை இடம் மாற்றி மாட்டியிருந்தேன். முந்த வேண்டிய சுருள் பிந்திவிட்டது, காற்றாடி தலைகீழாகச் சுற்றியது.