மானியமா, நல்கையா?

இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றின் இளைஞர்கள், பிள்ளைக் காம்பராவுக்காக (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) வெளிநாட்டு அரசு நிதி கேட்டு எழுதிய விண்ணப்பத்தைச் சென்ற மாதம் என்னிடம் காட்டினார்கள். முதல் வரி இது: "மானியம் வழங்கி எமது பிள்ளைகளை வாழவைக்குமாறு தாழ்மையுடன் வேண்டுகிறோம்." மானியம் என்ற சொல் வந்ததுமே விண்ணப்பம் இரங்கிக் கேட்கும் மனுவாகிவிட்டது.

மானியம் வடசொல். 'மான்ய' என்றால் மதிக்கத்தக்கது. ஒருவரை மதித்து வரி நீக்கிக் கொடுத்த நிலமே மானியம். கல்வெட்டுகளில் அத்தகைய நிலம் இறையிலி. இறை என்றால் வரி. கொடுப்பவரின் மனம் இரங்கினால் கிடைக்கும், இல்லையேல் இல்லை. உர மானியம், தேயிலை மீள்நடுகை மானியம் என்று நம் நாட்டில் அது ஊன்றிவிட்டது, அங்கே இருக்கட்டும். ஆனால் ஒரு பணிக்கெனக் கொடுக்கும் நிதியைக் குறிக்கும் 'கிராண்ட்' (grant) என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் அதையே எழுதுகிறோம். 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் பெயரிலும் அதுதான் இருக்கிறது.

கிராண்ட் பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல். அதன் வேர் நம்புதல் என்று பொருள்படும் இலத்தீன் வினை. 'கிரெடிட்' பிறந்ததும் அதிலிருந்தே. நம்பிக் கொடுப்பது என்றால், நம்புவதற்கு ஏதாவது காட்ட வேண்டும் அல்லவா?

நமக்கு நல்கை இருக்கிறது. நல்குதல் என்றால் அன்போடு கொடுத்தல். தலைவன் தலைவிக்கு அருள்வதும் வள்ளல் பாணருக்குக் கொடுப்பதும் சங்கப் பாடல்களில் இச்சொல்லால் வருகின்றன. 17ஆம் குறளில் மேகம் மழை தருவதும் நல்குதலே. (105ஆம் அதிகாரமான 'நல்குரவு' வறுமையைக் குறிக்கிறது, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) தமிழ்நாட்டில் 'ஆய்வு நல்கை' என்று எழுதுகிறார்கள். நாமும் எழுதலாம்.

நல்கையோடு சேர்த்துக் கேட்கப்படுவது சான்று. அச்சொல்லின் வேரான 'சால்' என்றால் நிறைதல், பொருந்துதல். சான்றோர் என்பதும் அதன் வழியே வந்தது. மலையகத்துக்கு இதைக் கற்பிக்க வேண்டியதில்லை. கொழுந்து நிறுக்கும்போது தராசு முள்ளை விட்டுக் கண்ணெடுக்காத பெண்கள் நம் தாய்மார். கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் என்பதால், முள் சொல்வதுதான் செல்லும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யூஎஸ்எய்ட் 2010இல் தொடங்கிய நல்கைத் திட்டம் இப்படித்தான் நிறுத்துப் பார்த்தது. சோதித்துப் பார்க்கச் சிறு தொகை, பலன் தெரிந்தால் பெரிய தொகை, பரவலாக்க அதைவிடப் பெரிய தொகை. அதைத் தொடங்கியவர்களுள் ஒருவரான மைக்கேல் கிரெமர், அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோருடன் 2019இல் பொருளியல் நோபல் பெற்றார். பிரான்ஸ் அரசும் 2020இல் இதே முறையில் ஒரு நிதியம் அமைத்தது. இத்தகைய நிதியங்கள் நம் கண்ணீரைப் பார்த்துக் கொடுப்பதில்லை. அவை கேட்பவை மூன்று: எதைச் செய்தோம், என்ன மாறியது, அது நம்மால்தான் மாறியது என்று எப்படித் தெரியும்? மூன்றாவது கேள்வியில்தான் பெரும்பாலான விண்ணப்பங்கள் தடுக்கி விழுகின்றன.

அந்தப் பிள்ளைக் காம்பராவில் ஆயம்மா மாதந்தோறும் குழந்தைகளின் நிறையைக் குறித்த நீல அட்டைக் கொப்பி ஒன்று இருந்தது. விண்ணப்பத்தில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அன்றிரவே முதல் வரியை மாற்றி எழுதினோம்: "இரண்டாண்டு நிறைப் பதிவை இணைத்துள்ளோம். தோட்டத்தின் மேற்பிரிவுக் குழந்தைகளுக்கு ஆறு மாதம் நாளுக்கொரு முட்டை கொடுத்து, அதே காலத்தில் கீழ்ப்பிரிவுக் குழந்தைகளின் நிறையோடு ஒப்பிட்டு, பிறகு அவர்களுக்கும் கொடுக்க நல்கை கோருகிறோம்."