1,82,000 கிலோமீட்டர் ஓடிய டீசல் கார்: மூன்று ரிப்பேர், ஒரு கணக்கு

2014 மாடல் மாருதி டிசையர், டீசல், ஓன் போர்டு (வாடகைக்கு ஓடாத சொந்த வண்டி), சிங்கிள் ஓனர். ஓடோமீட்டரில் 1,82,000 கிலோமீட்டர். விற்பவர் மறைக்காமல் மூன்று வேலை சொல்கிறார்: கிளட்ச் மாற்ற வேண்டும், முன்பக்க சஸ்பென்ஷனில் சத்தம் வருகிறது, ஏசி போட்டு டிராஃபிக்கில் நின்றால் “லேசா ஹீட் ஏறுது, ரேடியேட்டர் மாத்துனா போதும்.” அதற்காக, அதே வருடத்து நல்ல வண்டியின் விலையிலிருந்து 70,000 ரூபாய் குறைத்துத் தருகிறார். வாங்கலாமா? இது கற்பனை வண்டிதான். ஆனால் எந்த ஊர் ஆட்டோ கன்சல்டிங் வாசலிலும் இதன் உடன்பிறப்புகள் வரிசையாக நிற்கும்.

உள்ளே இருப்பது ஃபியட் வடிவமைத்த 1,248 சிசி மல்டிஜெட் என்ஜின். ஸ்விஃப்ட், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்ட்டோ என எல்லாவற்றிலும் இதுவே இருந்ததால் ‘தேசிய டீசல் என்ஜின்’ என்று பாதி கிண்டலாகவே பெயர் வாங்கியது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது மாருதி டீசலையே கைவிட்டுவிட்டது. ஆகவே மாருதி டீசல் வேண்டும் என்பவருக்கு இனி பழைய வண்டிதான் வழி. குறைவாக ஓடியது கிடைப்பதும் வருடத்துக்கு வருடம் அரிதாகிக்கொண்டே போகும்.

1,82,000 என்பது உண்மையில் எவ்வளவு? சராசரி வேகம் மணிக்கு 45 கி.மீ. என்றால் ஏறத்தாழ 4,000 மணி நேர ஓட்டம். நிமிடத்துக்கு 2,000 சுற்று என்று வைத்தால் பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டான கிராங்க் ஷாஃப்ட் சுமார் 48 கோடி முறை சுழன்றிருக்கிறது. இவ்வளவு சுழன்றும் அது தேய்ந்து தூளாகாததற்குக் காரணம், ஓடும்போது ஷாஃப்ட்டும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. மழைநீர் தேங்கிய சாலையில் வேகமாகப் போகும் டயர் தண்ணீரின் மேல் ஏறி மிதக்கும் அல்லவா, அதே இயற்பியல்தான். சுழலும் ஷாஃப்ட் ஆயிலைத் தனக்கு அடியில் இழுத்துக்கொண்டு அதன்மேல் மிதக்கிறது. அந்த ஆயில் படலத்தின் தடிமன் சில மைக்ரான்கள்; தலைமுடி அதைவிடப் பல மடங்கு தடிமன்.

மிதப்பதற்கு வேகம் வேண்டும். ஜெர்மன் பொறியாளர் ரிச்சர்ட் ஸ்ட்ரைபெக் 1902-இல் உராய்வை அளந்து காட்டியது இதைத்தான்: வேகம் குறையக் குறையப் படலம் மெலிந்து, ஒரு கட்டத்தில் உலோகத்தை உலோகம் உரசத் தொடங்கும். என்ஜினில் இது நடக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, பிஸ்டன் உச்சியில் ஒரு கணம் நின்று திரும்பும் இடம். சிலிண்டர் சுவர் அதிகமாகத் தேய்வது அங்கேதான். இன்னொன்று, குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்யும் முதல் சில விநாடிகள். ஆயில் மேலே ஏறி வந்து சேரும்வரை எல்லாப் பாகங்களும் நேற்றைய எச்சத்தில்தான் ஓடுகின்றன.

ஆகவே ஓடோமீட்டரைப் படிக்கும்போது, இந்தத் தூரம் எத்தனை ஸ்டார்ட்டில் வந்தது என்று கேட்க வேண்டும். வீட்டிலிருந்து 8 கி.மீ. தள்ளி அலுவலகம் போய்வரும் கார் ஒரு லட்சம் கி.மீ. ஓட 12,500 முறை ஸ்டார்ட் ஆகவேண்டும். சென்னை–மதுரை போல நீண்ட டிரிப் அடிக்கும் வண்டி ஒரு ஸ்டார்ட்டுக்கு 200 கி.மீ. ஓடினால் 500 முறை போதும். கிளட்சும் கியரும் பிரேக்கும் பட்ட பாட்டிலும் இதே வித்தியாசம் இருக்கும். ஹைவேயில் 1,80,000 ஓடிய வண்டியை, நகரத்துக்குள்ளேயே 90,000 ஓடியதற்கு முன்னால் நான் வைப்பேன். நேரத்துக்கு ஆயில் சர்வீஸ் நடந்திருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

கிலோமீட்டரே எண்ணாத தேய்மானமும் உண்டு. ரப்பர் புஷ், ஹோஸ், என்ஜின் மவுண்ட் எல்லாம் வெயிலாலும் காற்றில் உள்ள ஓசோனாலும் நின்ற இடத்திலேயே முதுமை அடைபவை. வேதிவினைகள் பலவும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறத்தாழ இரு மடங்கு வேகமெடுக்கும் என்பது பொதுவான கணிப்பு. மே மாத வேலூரில் வெயிலில் நிற்கும் வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். “தாத்தா வண்டி சார், பத்து வருஷத்துல முப்பதாயிரம்தான்” என்று சொன்னால் எனக்கு ரப்பர்தான் கண்ணில் வரும்.

வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன்பே “ஸ்டார்ட் பண்ணாம வைங்க” என்று போனில் சொல்லிவிட வேண்டும். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள்; சூடாக இருந்தால் காத்திருங்கள். வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயக்க இந்த என்ஜினில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின். செயின் ‘இழுத்துவிட்டது’ என்பார்கள்; உண்மையில் இரும்பு இழுபடுவதில்லை. நூறு கண்ணிகளின் பின்கள் ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தேய்ந்தாலே மொத்த நீளம் ஒரு மில்லிமீட்டர் கூடிவிடும். ஆயில் அழுத்தத்தால் இயங்கும் டென்ஷனர் அந்தத் தொய்வை இழுத்துப் பிடிக்கும். குளிர்ந்த ஸ்டார்ட்டில் அழுத்தம் ஏறும்வரை பிடிப்பு இருக்காது. அந்த ஓரிரு விநாடியில் தேய்ந்த செயின் கிலுகிலுவென்று சத்தம் போடும். சூடான என்ஜினில் இது கேட்காமலே போய்விடலாம். டீசல் என்ஜினில் பிஸ்டன் உச்சிக்கும் வால்வுக்கும் இடையே இடமே இல்லாததால், செயின் பல் தாண்டினால் வால்வுகள் வளைந்துவிடும். ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து பார்ப்பதும் நல்லது. லேசான புகைமூச்சு இயல்பு. குபுகுபுவென்று தள்ளினால் மெக்கானிக்குகள் சொல்லும் ‘பேக் கம்ப்ரஷன்’: தேய்ந்த பிஸ்டன் ரிங் வழியாக எரிந்த வாயு கீழே இறங்குகிறது.

இப்போது அந்த மூன்று ரிப்பேருக்கு வருவோம். கிளட்ச் பிளேட் உராய்ந்து தேய்வதற்கென்றே செய்யப்பட்ட பொருள். மாற்றினால் அந்தக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும், வேறு எதையும் அது காட்டிக்கொடுப்பதில்லை. சஸ்பென்ஷனில் வரும் லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு சத்தமும் அப்படியே. இவற்றின் செலவை மெக்கானிக் ஓட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். ஹீட் ஏறுவது வேறு ஜாதி. அது ஒரு பாகத்தின் பெயரே இல்லை, அறிகுறி. காரணம் ஃபேன் ரிலேயாக இருக்கலாம், அடைத்த ரேடியேட்டராக இருக்கலாம், என்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே அடைக்கும் ஹெட் கேஸ்கெட்டாகவும் இருக்கலாம்.

ஹெட் ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறது? கீழே பிளாக் வார்ப்பிரும்பு, மேலே ஹெட் அலுமினியம். அலுமினியம் சூட்டில் இரும்பைப் போல இரண்டு மடங்கு விரியும். 35 செ.மீ. நீள ஹெட் 80 டிகிரி சூடேறினால் சுமார் 0.64 மி.மீ. நீளும், அதே நீள இரும்பு 0.31 மி.மீ.தான். மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு வரும் இந்த இழுபறியை ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் சமாளிக்கத்தான் நடுவில் கேஸ்கெட் இருக்கிறது. வண்டி அளவுக்கு மீறிச் சூடானால் ஹெட் சீராக விரியாமல் கோணிக்கொள்ளும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கோணினாலும் கேஸ்கெட் அடைக்காது. அப்போது எரிந்த வாயு, என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டுக்குள் புகுந்து குமிழியிடும், கூலன்ட் வெளியே தள்ளப்படும், வண்டி இன்னும் சூடாகும். விற்பவர் பொய் சொல்லாமலே இருக்கலாம். ரேடியேட்டர் அடைப்பில் தொடங்கியது ஹெட் வரை போனது அவருக்கே தெரிந்திருக்காது.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். கிளட்சுக்கும் சஸ்பென்ஷனுக்கும் சேர்த்து 30,000. ஹீட்டுக்கு மூன்று வாய்ப்பு: ரேடியேட்டரோடு முடியும் (60 விழுக்காடு, 8,000 ரூபாய்), ஹெட்டைக் கழற்றி லேத்தில் சமன் செய்து கேஸ்கெட் போட வேண்டும் (30 விழுக்காடு, 35,000), முழு என்ஜின் வேலை (10 விழுக்காடு, 90,000). வாய்ப்பால் பெருக்கிக் கூட்டினால் 24,300. மொத்தம் 54,300, தள்ளுபடியோ 70,000. சராசரியில் லாபம். ஆனால் சராசரி, மாதம் இருபது வண்டி வாங்கி விற்கும் கன்சல்டிங்காரருக்குத்தான் உதவும். நீங்கள் வாங்குவது ஒரே வண்டி. பத்தில் ஒரு வாய்ப்பு உங்கள் பக்கம் விழுந்தால் கையிலிருந்து 50,000 போகும்.

பேரம் பேசி இன்னும் 5,000 குறைப்பதைவிட, அந்த மூன்று வாய்ப்புகளைப் பிரித்துக்காட்டும் சோதனை பெரிது. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது கூலன்ட் டேங்க் மூடியைத் திறந்து (சூட்டில் ஒருபோதும் திறக்காதீர்கள், கொதிநீர் முகத்தில் பீய்ச்சும்), அதன் வாயில் நீல நிறத் திரவம் கொண்ட ஒரு குழாயை வைத்து, என்ஜினை ஓடவிட்டு உள்ளிருக்கும் காற்றை அதன் வழியே உறிஞ்சுவார்கள். கார்பன் டை ஆக்சைடு இருந்தால் திரவம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும். எரிந்த வாயு கூலன்ட்டுக்கு வந்துவிட்டது என்று பொருள். நீலமாகவே இருந்தால் 8,000 ரூபாய் முடிவின் வாய்ப்பு வெகுவாகக் கூடுகிறது. ஆயில் மூடிக்கு அடியில் பால்காப்பி நிறக் குழம்பு, ஸ்டார்ட் செய்த உடனேயே கல்லாக விறைக்கும் ரேடியேட்டர் ஹோஸ் ஆகியவை இதே செய்தியைக் காசில்லாமல் சொல்பவை.

“டெஸ்ட்டெல்லாம் வேண்டாம் சார், விருப்பம்னா எடுங்க” என்று விற்பவர் மறுத்தால், மறுப்பும் ஒரு தகவல்தான். நான் அந்த 60-30-10ஐ 40-30-30 என்று மாற்றிக்கொள்வேன். ஹீட் வேலையின் எதிர்பார்ப்புச் செலவு 40,700 ஆகிறது. கிளட்ச், சஸ்பென்ஷனைச் சேர்த்தால் 70,700. தள்ளுபடி முழுதும் போய், அதற்கு மேல் 700 ரூபாய் நம் கையைக் கடிக்கிறது.