சஸ்பென்ஷன்: இடைநீக்கமும் அல்ல, தொங்கலும் அல்ல

"முன்பக்க இடைநீக்கத்தில் சத்தம் வந்தால் உடனே கவனியுங்கள்." கார் பராமரிப்பைப் பற்றித் தமிழில் தேடினால் இப்படித்தான் வந்து விழுகிறது. இடைநீக்கம் என்றால் ஒருவரை விசாரணை முடியும்வரை வேலையிலிருந்து விலக்கி வைப்பது. அதற்கும் கார்ச் சக்கரத்துக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. காரின் உடலைச் சக்கரங்களின் மேல் தாங்கிப் பிடித்து, குழியின் அடியை வாங்கும் அமைப்பைத்தான் சொல்ல வந்தார்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் சஸ்பென்ஷன் என்ற ஒரே சொல் என்பதால் மொழிபெயர்ப்பு மென்பொருள் கைக்கு வந்ததை எடுத்துப் போட்டிருக்கிறது. வெளியிடுமுன் ஒரு தடவை படித்துப் பார்க்க யாருக்கும் மனமில்லை.

சஸ்பென்ஷனின் மூலம் லத்தீன், பொருள் 'தொங்கவிடுதல்'. பழைய ஐரோப்பியக் குதிரை வண்டிகளில் ஆட்கள் உட்காரும் பெட்டியைத் தோல்வாரில் கட்டித் தொங்கவிட்டார்கள். வார் போய் இரும்பு வில் வந்தது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இந்த வேரைப் பிடித்துக்கொண்டு 'தொங்கல் அமைப்பு' என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். இடைநீக்கம் போல இது அபத்தம் இல்லை, தமிழும் சுத்தம். ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. இன்றைய காரில் உடல் எங்கே தொங்குகிறது? நான்கு மூலையிலும் வில்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது. தொங்கல் என்று படித்தவர் காருக்கு அடியில் குனிந்து பார்த்தால் எதைத் தேடுவார்? பெயர் பாகத்தைக் காட்டிக் கொடுக்க வேண்டும். லத்தீன்காரன் தோல்வாரைப் பார்த்துப் பெயர் வைத்தான் என்பதற்காக நாமும் இல்லாத வாரைத் தேட வேண்டியதில்லை. நம் ஆட்களும் கண்ணால் பார்த்துத்தான் பெயர் வைத்தார்கள். வளைந்த இரும்புப் பட்டைகளைப் பொருத்திய மாட்டுவண்டியை வில்வண்டி என்றார்கள். யாரும் மொழிபெயர்த்துக் கொடுக்கவில்லை, பட்டையின் வளைவே சொல்லைக் கொடுத்தது. அதே வழியில் போனால் வில்லமைப்பு. பட்டைவில், சுருள்வில், காற்றுப்பை எதுவாக இருந்தாலும் அங்கே நடப்பது வில்லின் வேலைதான்.

'தாங்கமைப்பு' என்றும் சிலர் எழுதுகிறார்கள். மோசமில்லை. ஆனால் பேரிங்கைத் தாங்கி என்று ஏற்கெனவே சொல்லிப் பழகிவிட்டோம். சக்கரத்தின் நடுவில் ஒரு தாங்கி, அதற்குப் பக்கத்திலேயே ஒரு தாங்கமைப்பு என்றால் குழப்பம்தான் மிஞ்சும்.

அப்புறம் ஷாக் அப்சார்பருக்கு எழுதும் இந்த 'அதிர்ச்சி உறிஞ்சி'. அதிர்ச்சி துக்கச் செய்தி கேட்டால் வருவது. சாலைக் குழியில் வருவது அதிர்வு. போகட்டும், இங்கே ஆங்கிலப் பெயரே சரியில்லை. குழியின் அடியை வாங்குவது வில். வாங்கிய வில் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. பிரிட்டிஷ் பொறியாளர்கள் அதை டேம்பர் என்பார்கள். தமிழில் தணிப்பான் என்றால் ஒரு சொல்லிலேயே வேலை விளங்கிவிடும்.

விளங்கினால் சோதிப்பதும் சுலபம். வீட்டுக்குக் கீழே கார்ப்பேட்டையில் காரின் ஒரு மூலையை இரண்டு கையாலும் நன்றாக அமுக்கி விடுங்கள். எழுந்து ஓர் ஆட்டத்தில் அடங்கினால் சரி. இரண்டு மூன்று தடவை ஆடினால் தணிப்பான் ஓய்ந்துவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால் தணிப்பானின் உருளையில் எண்ணெய் கசிந்து, அதில் தூசி படிந்து பிசுபிசுத்திருக்கலாம். கார் ஒரு பக்கம் தாழ்ந்து நின்றால் வில்லைப் பாருங்கள், கடைசிச் சுற்று உடைந்திருக்கலாம். வேகத்தடையில் 'டொக்' என்றால் இரண்டும் இல்லை, பெரும்பாலும் இணைப்புகளில் மெத்தைபோல இருக்கும் ரப்பர் புஷ் அல்லது வளைவில் கார் சாயாமல் பிடிக்கும் கம்பியை இணைக்கும் ஸ்டெபிலைசர் லிங்க். உறிஞ்சி, இடைநீக்கம் என்று படித்துவிட்டுப் போகிறவர், லிங்க் மட்டும் மாற்ற வேண்டிய இடத்தில் நான்கு அப்சார்பரையும் மாற்றிவிட்டு வருவார். 10 ஆண்டு தாண்டிய காரை ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டிய சிங்கப்பூரில் அது சின்னச் செலவில்லை.

ஸ்டீயரிங்குக்கு இவ்வளவு சண்டை தேவையில்லை. அரபியிலிருந்து வந்த சுக்கான் கப்பலோடு நம்மிடம் நெடுங்காலம் இருக்கிறது, காருக்கும் பொருந்தும். சுக்கான் ஒரு பக்கம் இழுத்தால் முதலில் டயர் காற்றைப் பாருங்கள், சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் பிறகு. குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் நடுங்கினால், சக்கரத்தின் எடையைச் சமன்செய்யும் வீல் பேலன்சிங்.

வில்லமைப்பு என்ற பெயரை நான் விடாமல் பிடித்திருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெரும்பாலான கார்களின் முன்பக்கத்தில் சுருள்வில்லை அமுக்கித்தான் தணிப்பானோடு சேர்த்துப் பூட்டியிருக்கிறார்கள். தலையில் இருக்கும் நடு நட்டை, வில்லை இறுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் கழற்றினால் வில் தெறித்து ஆளையே கொன்றுவிடும். தொங்கல் என்ற சொல்லில் இந்த ஆபத்து எங்கே தெரிகிறது? நாணேற்றிய வில் என்றால் யாரும் விளையாட்டாகக் கை வைக்க மாட்டார்கள். அந்த வேலையை மட்டும் பட்டறைக்கு விட்டுவிடுங்கள். பட்டறைகள் நிறைந்த காக்கி புக்கிட்டிலோ சின் மிங்கிலோ போய் 'அப்சார்பர்' என்றே கேளுங்கள், அங்கே அதுதான் வழக்கு. எழுதும்போது சஸ்பென்ஷன் என்று எழுதினாலும் எனக்குச் சம்மதம், இடைநீக்கம் மட்டும் வேண்டாம்.