மூணு தடவை வாசித்தும் ஏன் நிற்கவில்லை?

“வீட்டில் நன்றாகத்தான் படித்தான், பரீட்சையில் மறந்துவிட்டதாம்.” பள்ளி ஆலோசகராக நான் பெற்றோரிடம் அதிகம் கேட்கும் வாக்கியம் இதுதான். எப்படிப் படித்தாய் என்று பிள்ளையைக் கேட்டால், “மூணு தடவை வாசிச்சேன்” என்று பதில் வரும். அது பொய்யில்லை. புத்தகத்தைத் திறந்தால் பக்கம் முழுக்க மஞ்சள் கோடு.

புத்தகத்தை மூடச் சொல்லி, அந்தப் பாடத்தில் என்ன இருந்தது என்று கேட்பேன். இரண்டு வாக்கியம் வரும், அதோடு சரி. பக்கத்தைத் திரும்பக் காட்டினால், “ஐயோ, இது எனக்குத் தெரியுமே!” என்பார்கள். பார்த்ததும் அடையாளம் தெரிவது வேறு, பார்க்காமல் எடுத்துச் சொல்ல வருவது வேறு. திரும்பத் திரும்ப வாசிக்கும்போது முதலாவதுதான் வளர்கிறது. பரீட்சையில் கேட்பதோ இரண்டாவதை.

அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதை அழகாகக் காட்டுகிறது. கல்லூரி மாணவர்களுக்குச் சிறிய உரைப்பகுதிகளைக் கொடுத்தார்கள். ஒரு முறை படித்த பிறகு, சிலவற்றை மறுபடி வாசிக்கச் சொன்னார்கள். சிலவற்றைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுவாசிப்புக்குத்தான் வெற்றி: படித்ததில் 81 சதவீதம் நினைவில் நின்றது, எழுதிப் பார்த்ததற்கு 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். மறுவாசிப்பு 42, எழுதிப் பார்த்தது 56. அந்த ஐந்து நிமிடக் கணக்குதான் எல்லோரையும் ஏமாற்றுகிறது என்று நினைக்கிறேன். இரவு படித்த கையோடு அம்மா கேள்வி கேட்டால் பிள்ளை கடகடவென்று சொல்லிவிடும். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

சரி, எப்படித்தான் படிப்பது? வாசிக்கத் தொடங்கும் முன் இரண்டு நிமிடம் தலைப்பு, துணைத்தலைப்புகள், படங்கள், பாடத்தின் கடைசியில் உள்ள கேள்விகள் ஆகியவற்றை ஒரு நோட்டம் விடுங்கள். பலர் இதை நேர விரயம் என்று தாண்டிவிடுகிறார்கள். உளவியலாளர்கள் பிரான்ஸ்ஃபோர்டும் ஜான்சனும் 1972-இல், துணி துவைப்பதைப் பற்றி வேண்டுமென்றே மூடுமந்திரமாக எழுதிய ஒரு பத்தியைச் சிலருக்குப் படித்துக் காட்டினார்கள். எதைப் பற்றியது என்று முன்கூட்டியே தெரிந்தவர்கள், தெரியாதவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நினைவில் வைத்திருந்தார்கள். கேட்டு முடித்த பிறகு தலைப்பைச் சொன்னபோது ஒரு பயனும் இல்லை.

அப்புறம் ஒரு துணைத்தலைப்பு வரைக்கும் மட்டும் வாசியுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் இருப்பதைச் சொந்த வார்த்தையில் ஒரு தாளில் எழுதுங்கள், அல்லது வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு திறந்து சரிபாருங்கள். விட்டுப்போனதை வேறு நிற மையில் சேருங்கள். சரிபார்ப்பதை மட்டும் விடவே கூடாது, தவறாக நினைவுகூர்ந்தது அப்படியே பதிந்துவிடும். முதல் சில நாட்கள் இது எரிச்சலாக இருக்கும். “ஒண்ணுமே வரல” என்று பிள்ளைகள் சோர்ந்துபோவார்கள். நினைவைத் துழாவும் அந்தச் சிரமத்தில்தான் பாடம் பதிகிறது என்பதை அவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

எல்லாப் பாடத்துக்கும் இதே முறை பொருந்தாது. கதையை நிறுத்தி நிறுத்திப் படித்தால் ரசனை போய்விடும். முழுக்க வாசித்துவிட்டுப் பிறகு சொல்லிப் பார்க்கலாம். வரலாற்றில் ஆண்டை எழுதிப் பார்ப்பதோடு “ஏன் அப்படி நடந்தது?” என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். கணக்குப் புத்தகத்தில் தீர்த்துக் காட்டிய கணக்கை மறைத்துக்கொண்டு தானே போட்டுப் பார்ப்பதுதான் வாசிப்பு.

ஹைலைட்டரை நான் பிடுங்குவதில்லை. முதல் வாசிப்பில் மட்டும் அதைத் தொடாதீர்கள் என்பேன். அப்போது எல்லாமே முக்கியமாகத்தான் தெரியும். மூடிச் சொல்லிப் பார்த்ததில் எது வரவில்லையோ, அதில் மட்டும் கோடு போட்டால் போதும்.

ஒரே இரவில் மூன்று மணி நேரம் உட்காருவதைவிட அதையே நாலைந்து நாளில் பிரித்துக்கொள்வது நல்லது. படிக்கும்போதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் சில கேள்விகளை எழுதி வைத்தால், மறுநாளும் அடுத்த வாரமும் அவற்றுக்குப் பார்க்காமல் பதில் சொல்லிப் பார்க்கலாம். பத்து நிமிடம்கூட ஆகாது. கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும், அதை விளக்கவே வேண்டியதில்லை.

பெற்றோரே, “படிச்சியா?” என்று கேட்டால் “படிச்சேன்” என்றுதான் பதில் வரும். “அதில் என்ன இருந்தது, எனக்குச் சொல்லு” என்று கேட்டுப் பாருங்கள். அன்றைய பாடத்தைவிட முந்தின வாரப் பாடத்தைக் கேட்டால் இன்னும் நல்லது.

இவ்வளவும் சரளமாக வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்குத்தான். வரி தாண்டி வாசிப்பது, வயதுக்கு மிக மெதுவாக எழுத்துக்கூட்டுவது, வாசித்தால் தலை வலிக்கிறது என்பது, பிறர் வாசித்துக் காட்டினால் மட்டும் சட்டென்று புரிந்துகொள்வது என்றெல்லாம் தொடர்ந்து இருந்தால் அதைச் சோம்பல் என்று முடிவுகட்ட வேண்டாம். முதலில் கண் பரிசோதனை செய்யுங்கள். பிறகு டிஸ்லெக்சியா போன்ற வாசிப்புக் குறைபாடு இருக்கிறதா என்று பயிற்சி பெற்ற ஒருவரிடம் மதிப்பீடு செய்துகொள்ளுங்கள்.