திரும்பிப் பார்த்தியா?

குழந்தை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. முதுகுக்குப் பின்னால் ஒரு மேசை. ஆய்வாளர் அதில் ஒரு பொம்மையை வைத்துச் சத்தம் எழுப்புகிறார். திரும்பாமல், சத்தத்தை வைத்தே அது என்ன பொம்மை என்று சொல்ல வேண்டும். 'குவாக் குவாக்' என்றால் வாத்து. 'லொள் லொள்' என்றால் நாய். முதல் சுற்றுகள் சுலபமாக முடிந்துவிடும். கடைசிப் பொம்மையிலிருந்து வருவதோ வெறும் இசை. அதைக் கேட்டு யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. அந்த நேரம் பார்த்து ஆய்வாளர், "ஒண்ணு மறந்துட்டேன், எடுத்துட்டு வந்துடறேன். அதுவரைக்கும் திரும்பிப் பார்க்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு வெளியே போகிறார். ஒளித்துவைத்த கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது.

பெரும்பாலான குழந்தைகள் திரும்பிப் பார்த்துவிடுவார்கள். அமெரிக்க உளவியலாளர் மைக்கேல் லூயிஸும் அவர் குழுவினரும் 1989இல் வெளியிட்ட இப்படிப்பட்ட ஓர் ஆய்வில், மூன்று வயதுக் குழந்தைகள் 33 பேரில் 29 பேர் பார்த்துவிட்டார்கள். அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. சோதனை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஆய்வாளர் வந்து, பொம்மையைத் துணியால் மூடிவிட்டு, "திரும்பிப் பார்த்தியா?" என்று கேட்பார். அதற்கு என்ன பதில் வருகிறது என்பதுதான் விஷயம்.

கனடாவில் காங் லீ, விக்டோரியா டால்வர் ஆகிய இரு உளவியலாளர்கள் பல ஆண்டுகளாக இந்த விளையாட்டை வைத்துக் குழந்தைகளின் நேர்மையை ஆராய்ந்துவருகிறார்கள். காங் லீ சொல்லும் ஒரு சிறுமியை என்னால் மறக்க முடியவில்லை. பார்க்கவே இல்லை என்று சாதித்தாள். சரி, என்ன பொம்மையாக இருக்கும் என்று கேட்டபோது, தொட்டுப் பார்க்கலாமா என்றாள். துணிக்கு அடியில் கையை விட்டுத் தடவிவிட்டு, "ஊதா நிறம் மாதிரி இருக்கு. அதனால இது பார்னி" என்றாள். பார்னி என்பது அமெரிக்கக் குழந்தைகள் தொலைக்காட்சியில் பார்த்த ஊதா நிற டைனோசர்.

அந்தச் சிறுமியின் தலைக்குள் எவ்வளவு வேலை நடந்திருக்கிறது என்று பாருங்கள். தனக்குத் தெரிந்தது எதிரில் இருப்பவருக்குத் தெரியாது என்பது அவளுக்குப் புரிந்திருக்கிறது. நாக்கு நுனிவரை வந்த உண்மையை அடக்கி, அந்த இடத்தில் வேறொன்றை வைக்கத் தெரிந்திருக்கிறது. அந்தப் பொய்க்கு ஒரு காரணம் வேண்டும் என்பதுகூடத் தோன்றியிருக்கிறது. நிறத்தைக் கையால் தடவி அறிய முடியாது என்பது மட்டும்தான் பிடிபடவில்லை. பிறர் மனதில் என்ன இருக்கிறது என்று ஊகிக்கும் திறனும், தன்னை அடக்கிக்கொள்ளும் திறனும் மூன்று, நான்கு வயதில் வளரும்போது கூடவே வருவது பொய். பிள்ளை முதல் பொய் சொன்ன அன்று வீட்டில் எழும் பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் அது கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல. மூளை அதன் வயதுக்கேற்ப வளர்கிறது, அவ்வளவுதான்.

பொய் சொல்வது தவறு என்று அந்த வயதிலேயே பல குழந்தைகளுக்குத் தெரியும். 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வில் டால்வரும் லீயும் இதை நேராகவே சோதித்தார்கள். எது பொய், எது உண்மை, பொய் நல்லதா கெட்டதா என்றெல்லாம் கேட்டுவிட்டு, பிறகு அந்தக் குழந்தை என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். விளக்கம் சரியாகச் சொன்ன குழந்தைதான் உண்மையும் சொல்லும் என்று சொல்ல முடியவில்லை. தெரிந்ததும் செய்ததும் தனித்தனியாக நின்றன. ஒன்று மட்டும் பலன் தந்தது: கேள்விக்கு முன்பே, "உண்மையைச் சொல்றேன்னு எனக்கு வாக்குக் கொடு" என்று கேட்டபோது பொய் குறைந்தது. இந்த வகை ஆய்வுகளுக்குப் பிறகு கனடா தன் சாட்சியச் சட்டத்தையே மாற்றியது. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளை அங்கே நீதிமன்றத்தில் உண்மைக்கு இலக்கணம் சொல்ல வேண்டியதில்லை. உண்மை சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தால் போதும்.

நம் பள்ளிகளின் நீதிபோதனை வகுப்பை நினைத்துக்கொள்கிறேன். வாரத்தில் ஒரு பீரியட். அதையும் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார். நடந்த நாட்களில் "பொய் சொல்லலாமா?" என்று கேட்பார்கள், "கூடா...து" என்று வகுப்பே இழுத்துச் சொல்லும். அந்தக் 'கூடாது' எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1920களிலேயே அமெரிக்காவில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இருவர் ஆயிரக்கணக்கான மாணவர்களைத் தேர்விலும் விளையாட்டிலும் வீட்டுப்பாடத்திலும் ஏமாற்ற வாய்ப்புக் கொடுத்துக் கவனித்தார்கள். ஓரிடத்தில் நேர்மையாக இருந்த பிள்ளை இன்னோரிடத்தில் ஏமாற்றியது. நீதி வகுப்புகளில் சேர்ந்திருந்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிதாக வேறுபடவும் இல்லை.

அப்படியானால் அடி உதவுமா? மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரே வட்டாரத்தில் இருந்த இரண்டு பள்ளிகளில் டால்வரும் லீயும் இதே பொம்மை விளையாட்டை நடத்தி 2011இல் வெளியிட்டார்கள். ஒரு பள்ளியில் பென்சிலை மறந்து வந்தால்கூடப் பிரம்படி, அறை, கிள்ளு. இன்னொன்றில் கண்டிப்பு பெரும்பாலும் திட்டுவதோடும் தனியே உட்கார வைப்பதோடும் சரி. குழந்தைகளுக்கு 3, 4 வயதுதான். திரும்பிப் பார்த்தவர்களில் பொய் சொன்னவர்கள் அடிக்கும் பள்ளியில்தான் அதிகம். அதைவிட முக்கியமானது, அந்தப் பிள்ளைகள் பொய்யைத் தேர்ச்சியாகச் சொன்னார்கள். அடுத்தடுத்த கேள்விகளில் மற்ற பள்ளிக் குழந்தைகள் வாய் தவறி உண்மையைக் கொட்டிவிட, இவர்கள் கடைசிவரை பிடி கொடுக்கவில்லை. மாட்டிக்கொண்டால் அடி நிச்சயம் என்ற இடத்தில் மூன்று வயதிலேயே மறைக்கும் கலை கைவந்துவிடுகிறது. நம் நாட்டில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், பள்ளியில் அடிப்பதைத் தடைசெய்திருக்கிறது. வீட்டுக்கு அந்தப் பிரிவு வருவதில்லை.

கதைகளையும் சோதித்திருக்கிறார்கள். 2014இல் வெளியான ஆய்வு அது. 3 முதல் 7 வயதுவரை 268 குழந்தைகள். ஆய்வாளர் திரும்பி வந்து, கேள்வி கேட்பதற்கு முன் ஒரு கதை படிப்பார். சிலருக்குப் பொய் சொன்னால் மூக்கு நீளும் பினோக்கியோ. சிலருக்கு ஓநாய் வருது என்று ஏமாற்றிய ஆட்டிடையன், நம் ஊர்க் கணக்கில் 'புலி வருது' கதை. சிலருக்குச் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு அப்பாவிடம் ஒப்புக்கொண்ட ஜார்ஜ் வாஷிங்டன். ஒப்பிடுவதற்காகச் சிலருக்கு ஆமை முயல். ஆமை முயல் கதை கேட்டவர்களைவிட மூக்கும் ஓநாயும் யாரையும் அதிகம் உண்மை சொல்ல வைக்கவில்லை. வாஷிங்டன் வைத்தார். அதோடு விடவில்லை, சிறுவன் வாஷிங்டன் பொய் சொல்லி வருந்துவதாகக் கதையின் முடிவை மாற்றிப் படித்துப் பார்த்தார்கள். அந்தப் பலனும் போய்விட்டது. வேலை செய்தது கதையின் அந்தக் கடைசி இடம்: மகன் உண்மையைச் சொல்கிறான், மரம் போனாலும் பரவாயில்லை என்று அப்பா மெச்சிக்கொள்கிறார். உண்மை சொன்ன பிறகு என்ன நடக்கும் என்பதைக் குழந்தை அங்கே பார்த்துக்கொள்கிறது.

பெரியவர்கள் சொல்லும் பொய்க்கும் கணக்கு உண்டு. கலிபோர்னியாவின் சான் டியாகோவில் ஹேஸ், கார்வர் என்ற இருவர் 2014இல் செய்தது இது. பக்கத்து அறையில் ஒரு பெரிய கிண்ணம் நிறைய மிட்டாய் இருக்கிறது என்று சொல்லிச் சில குழந்தைகளை அழைத்துவந்தார்கள். வந்ததும், அதெல்லாம் இல்லை, உன்னை வரவைக்கத்தான் அப்படிச் சொன்னேன் என்றார்கள். பிறகு அதே பொம்மை விளையாட்டு. பள்ளி செல்லும் வயதில் இருந்தவர்களில், மிட்டாய்ப் பொய்யைக் கேட்டவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகத் திரும்பிப் பார்த்தார்கள், அதிகமாகப் பொய்யும் சொன்னார்கள்.

பூச்சாண்டி பிடிச்சுட்டுப் போயிடுவான், அந்த போலீஸ்கார மாமாகிட்ட சொல்லிடுவேன், கடைக்குப் போயிட்டு இதோ வந்துடறேன்: நம் வீடுகளில் பிள்ளை வளர்ப்பே இப்படித்தான் ஓடுகிறது. நானும் சொன்னவன்தான். ஐந்து வயதில் மகளைத் தடுப்பூசிக்கு அழைத்துப் போனபோது, "வலிக்கவே வலிக்காதுடா, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்றேன். ஊசி ஏறியதும் அவள் அழவில்லை. சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே, "வலிக்காதுன்னு சொன்னியேப்பா" என்றாள். அடுத்த முறை, "வலிக்கும். மூணு எண்ணி முடிக்கிறதுக்குள்ள போயிடும்" என்று சொன்னேன். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எண்ணினாள். ஐந்துவரை எண்ண வேண்டியிருந்தது. அதையும் வீட்டுக்கு வரும் வழியில் அவளிடம் ஒத்துக்கொண்டேன்.

பதின்வயதுப் பிள்ளைகளைப் பற்றித்தான் பெற்றோர் அதிகம் கவலைப்படுகிறார்கள். போனை வாங்கிப் பார்ப்பது, நண்பனின் அம்மாவுக்குப் போன் போடுவது, எங்கே போனாய் யாரோடு போனாய் என்று குடைவது எல்லாம் அந்தக் கவலையில்தான். ஸ்வீடனில் ஸ்டாட்டின், கெர் என்ற இருவர் 14 வயதுப் பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் ஆராய்ந்து 2000இல் எழுதினார்கள். பிள்ளையைப் பற்றிப் பெற்றோருக்குத் தெரிந்திருப்பது எந்த வழியாக வந்தது? கேட்டுத் தெரிந்ததா, கட்டுப்பாடு போட்டுத் தெரிந்ததா, பிள்ளை தானாக வந்து சொன்னதா? தானாகச் சொன்னதுதான் பெரும்பங்கு. அந்த வாசல் மூடிவிட்டால், மற்ற இரண்டு வழிகளிலும் கிடைப்பது கொஞ்சம்தான்.

போன மாதம் அண்ணன் வீட்டில் இருந்தேன். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் பையன் சமையலறை நிலைப்படியில் நின்று, டியூஷனுக்குப் போகாமல் படத்துக்குப் போனதைத் தானாகவே சொன்னான். யாரும் கண்டுபிடித்திருக்கவில்லை. அண்ணி தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றார். கல்லில் இருந்த தோசை ஓரம் கருக ஆரம்பித்தது. "யார் யாரு போனீங்க?" என்றார். சொன்னான். "சரி, உட்காரு. சாப்பிட்டுட்டுப் பேசுவோம்" என்று கருகியதைத் தன் தட்டில் போட்டுக்கொண்டு, அவனுக்கு வேறு தோசை ஊற்றினார். சாப்பிட்டு முடித்து டியூஷன் சாரிடம் அவனையே பேசச் சொன்னார். அவன் முகம் சுருங்கியது, ஆனால் போனை எடுத்தான்.