நெஞ்சுக்கறி குழம்புக்குள்ளேயே காய்வது ஏன்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை என்றால் பல வீடுகளில் கோழிப் பிரட்டல்தான். சட்டியில் முதலில் காலியாவது தொடையும் காலும். கடைசிவரை கிடப்பது நெஞ்சுக்கறி. பிள்ளைகள் சக்கை என்று ஒதுக்கிவிடுவார்கள். இனிப்புநீர், கொழுப்பு என்று கிளினிக்குக்குப் போய்வரும் பெரியவர்கள்தான் அதை மென்று விழுங்குகிறார்கள்.

அரைமணி நேரம் குழம்பில் கிடந்த கறி எப்படிக் காயும்?

பச்சை நெஞ்சுக்கறியில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பவை தசை நாரில் உள்ள புரத இழைகள். சூடு 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது மயோசின் என்ற புரதம் உருமாறி, கறி வெளுத்து இறுகும். அந்தக் கட்டத்தில் சாறு பெரிதாகப் போய்விடாது. 60-ஐத் தாண்டியதும் நார்களைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறை சுருங்கத் தொடங்கும். 66-க்கு மேல் ஆக்டின் என்ற புரதமும் இறுகிவிடும். 80-ஐ எட்டுவதற்குள் சாறு நிறையவே வெளியேறியிருக்கும். கொதிக்கும் குழம்போ 100 டிகிரியை ஒட்டி இருக்கிறது. சுற்றிலும் குழம்பு இருந்து என்ன பயன்? ஈரத்துணியைப் பிழிந்தபடியே வாளித் தண்ணீருக்குள் பிடித்திருப்பது போலத்தான். சுருங்கிய இழைகளுக்குத் தண்ணீரைத் திரும்ப வாங்கிக்கொள்ள இடமில்லை.

தொடைக்கு இந்தக் கதி இல்லை. நாள் முழுக்க நடக்கிற கால் என்பதால் அதில் கொலாஜன் என்ற இணைப்புத் திசு அதிகம், கொழுப்பும் அதிகம். நீண்ட நேரச் சூட்டில் கொலாஜன் கரைந்து ஜெலட்டினாகிக் கறியை வழுவழுப்பாக்கும். நெஞ்சில் அப்படிக் கரைய அதிகம் எதுவும் இல்லை.

அப்படியானால் பாட்டிமார்கள் செய்தது தவறா? நிச்சயமாக இல்லை. லயத்துக்குப் பின்னால் மேய்ந்த நாட்டுக்கோழிக்குப் பல மாத வயது இருக்கும். வயது ஏற ஏற கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து முறுகும். நெடுநேரம் வேகாமல் அதை மெல்லவே முடியாது. இன்று பாசாரில் வாங்கும் பிராய்லர் கோழிக்கு வயது ஐந்தாறு வாரம்தான். கோழி மாறிவிட்டது, நாம் அடுப்பில் வைக்கும் நேரம்தான் மாறவில்லை.

சரி, என்ன செய்யலாம்? நெஞ்சுத் துண்டுகளைத் தனியே எடுத்து, கறியின் எடையில் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல், அதாவது அரைக்கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி அளவு உப்பைப் பிசறி ஒரு மணி நேரம் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். உப்பு மயோசினைக் கொஞ்சம் கரைத்து இழைகளைத் தளர்த்துவதால், சூட்டில் அவை இழக்கும் தண்ணீர் குறையும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் அதே உப்பை மசாலாவில் குறைத்துவிட வேண்டும். குவாலியில் தொடை வெந்து மசாலா திரண்ட பிறகு தீயைத் தணித்து, கடைசியில் நெஞ்சைச் சேர்த்து மூடுங்கள். குழம்பு தளதளவென்று கொதிக்கக் கூடாது. சீனர் கடைக் கோழிச்சோற்றில் கறி அவ்வளவு மிருதுவாக இருப்பதற்கும் இதுதான் காரணம்: கோழியைக் கொதிக்காத சுடுநீரில் அமிழ்த்தி வைத்தே வேகவிடுகிறார்கள்.

முதலில் எண்ணெயில் முறுக வறுத்தால் சாறு உள்ளேயே பூட்டிக்கொள்ளும் என்பார்கள். அது உண்மையில்லை. நிறமும் மணமும் கிடைக்கும், அவ்வளவுதான்.

ஆனால் மென்மைக்காகப் பாதி வேக்காட்டில் இறக்கிவிடாதீர்கள். சால்மொனெல்லா கிருமி உடனே சாக, தடித்த துண்டின் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட வேண்டும். கறியில் குத்திப் பார்க்கும் வெப்பமானியைத்தான் நம்பலாம், நிறத்தை நம்ப முடியாது. பெரிய துண்டாக இருந்தால் 71-இல் இறக்கி மூடி வைத்தாலும் உள்சூடு இன்னும் சில டிகிரி ஏறும். ஏறியதா என்று மறுபடி குத்திப் பாருங்கள்.

சத்து விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. 100 கிராம் பச்சைக் கறியில் சுமார் 23 கிராம் புரதம், வெந்ததில் சுமார் 31 கிராம். புரதம் கூடவில்லை, தண்ணீர்தான் குறைந்திருக்கிறது. வேக வைப்பதால் புரதம் அழிந்துவிடுவதும் இல்லை. கரைந்து போகக்கூடியவை நியாசின், பி6 போன்ற வைட்டமின்கள். அவை போய்ச் சேரும் இடம் சாறு. பத்தியம் என்று நெஞ்சை அவித்துத் தண்ணீரைக் கொட்டுகிறவர்கள் அவற்றையும் சேர்த்தே கொட்டுகிறார்கள். அந்தத் தண்ணீரை ரசத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பிரட்டலில் அந்தக் கவலையே இல்லை, சாறு மசாலாவோடு கறியிலேயே ஒட்டிக்கொள்கிறது.

மறுநாளைக்கு மிச்சம் வைப்பதென்றால் தொடையை வையுங்கள். சூடுபடுத்தும்போது நெஞ்சுதான் மறுபடி சுருங்கும். அதை அன்றைக்கே சாப்பிட்டு முடித்துவிடலாம்.